இல்லைன்னு வருது

என் அண்ணியிடம் ‘இல்லை’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. சமையலறையில் நின்றுகொண்டு சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பார். “இல்லை அண்ணி” என்பேன். “டப்பாவைத் திறந்து பாத்துட்டுச் சொல்றியா, பாக்காம சொல்றியா?” என்பார். சர்க்கரைக்கு இப்படி ஒரு குறுக்கு விசாரணை வேறு எந்த வீட்டிலும் நடக்காது. முன்பு எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நாத்தனாருக்கு வாய் நீளம் என்று ஊர் சொல்வதை நான் ஒருநாளும் பொய்யாக்கியதில்லை. இப்போது பேசாமல் எழுந்து போய், டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “பாத்துட்டேன் அண்ணி, தீந்துடுச்சு” என்கிறேன். அது ஏன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் என் தையல் மெஷினும். அண்ணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் வேலை. அண்ணன் முதன்முதலாக வீட்டில் விஷயத்தை உடைத்தபோது, “பொண்ணு ஆஸ்பத்திரில சர்வரைப் பாத்துக்கறா” என்றான். அப்போது எங்களோடு இருந்த அம்மா நிதானமாக, “கேன்டீன்லயா?” என்று கேட்டார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

யோசித்துப் பார்த்தால் அம்மா கேட்டதில் பெரிய தப்பில்லை. ஓட்டல் சர்வருக்கும் அண்ணியின் சர்வருக்கும் வேலை ஒன்றுதான், கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது. அண்ணியின் சர்வர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், குளிரூட்டிய அறையில், இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய பெரிய நிரல் ஒன்று அதில் இரவு பகலாக ஓடுகிறது. டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை, விசாரணைக் கவுன்டர் எல்லோரும் தங்கள் திரையில் எதையோ தட்டுவார்கள். கேள்வி கீழே போகும், பதில் மேலே வரும். எந்தப் படுக்கையில் யார், யாருக்கு எந்த மருந்து ஆகாது, யார் எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் அந்த அலமாரிக்குத்தான் தெரியும்.

அண்ணி பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். சாப்பிடும்போது ஃபோன் அடித்தால் கையிலிருக்கும் கவளம் தட்டிலேயே விழும். “சர்வர் விழுந்துடுச்சு” என்ற இரண்டு வார்த்தைக்கு அவர் முகம் வெளுப்பதைப் பார்த்தால், யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று அண்ணன் கிண்டல் செய்வான். “இருட்டுல நிஜமாவே ஒண்ணு நிக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பார் அண்ணி.

இப்படிப்பட்டவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரித் திரைகளில் வருகிற எல்லாமே தமிழில் வரவேண்டும், உள்ளே ஓடும் நிரலின் வார்த்தைகளுக்கும் சேர்த்து ஒரு சொற்பட்டியல் தயார் செய்யுங்கள் என்றார்கள். கொஞ்ச நாளைக்கு எங்கள் சாப்பாட்டு மேஜை சொல் பட்டறை ஆகிவிட்டது. சாம்பாரை ஊற்றும்போதே அண்ணி கேட்பார், “ஹீப்புக்கு என்ன சொல்லலாம்?” அதாவது நிரல் தன் வேலைக்கு வேண்டிய சாமான்களைப் போட்டு வைக்கும் இடமாம். ‘குவியல்’ என்று முடிவானது. வேலை முடிந்த சாமான்களை ஜாவாவே அவ்வப்போது கூட்டி எடுத்துக் குவியலில் இடம் உண்டாக்கிக்கொள்ளுமாம். அதற்குக் ‘குப்பை அள்ளல்’.

“தானே பெருக்கிக்குமா? அப்ப அதுக்கு நாத்தனாரே தேவையில்லையே” என்றேன்.

“குப்பை ரொம்ப சேந்துட்டா, அள்ளறதைத் தவிர வேற வேலையே பாக்காது. யாரு கூப்பிட்டாலும் திரும்பாது. அதான் எனக்குப் பயம்” என்றார் அண்ணி. இதையும் பயந்துகொண்டேதான் சொன்னார்.

ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பிரித்து ஓட்டுவதற்கு ஆங்கிலத்தில் நூல் என்றே பெயராம். தையல்காரியான என்னைக் கேட்டால் நூல் என்பேன். ஆஸ்பத்திரிக் குழு ‘இழை’ என்றது. போகட்டும், பெரியவர்கள்.

சிக்கல் வந்தது ‘நல்’ என்ற ஆங்கில வார்த்தையில். பார்த்தால் நல்ல வார்த்தை மாதிரித்தான் இருக்கிறது. அண்ணி எங்களுக்கு அதை விளக்கியது சர்க்கரை டப்பாவை வைத்துத்தான். “டப்பாவைத் திறந்து பாத்தோம், உள்ள சர்க்கரை கிடையாது. அது சைபர். டப்பாவே கையில கிடைக்கலை, உள்ள இருக்கா இல்லையான்னே தெரியாது. அதுதான் நல்.” அண்ணன், “அப்ப நம்ம வீட்டுல பாதி சாமான் நல்தான்” என்று சிரித்தான்.

குழுவில் ஒருவர் ‘சூனியம்’ என்றாராம். ஆஸ்பத்திரித் திரையில் நோயாளியின் பெயருக்கு நேரே சூனியம் என்று வந்தால் எவன் வைத்தியத்துக்கு வருவான்? இன்னொருவர் ‘இன்மை’ என்றார். அது புலவர்களுக்குத்தான் புரியும். அண்ணி எழுதிக்கொண்டு போனது ‘தெரியவில்லை’. அதுதான் சரியான வார்த்தை என்று எனக்கே பட்டது. ஆனால் மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். “ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு தெரியலைன்னு நாமளே எழுதி வைக்கலாமா? சனங்க என்ன நினைப்பாங்க?” போதாததற்குத் திரையில் நோயாளியின் நிலையைக் காட்டும் பெட்டி சின்னது. ‘தெரியவில்லை’யை உள்ளே போட்டால் கடைசி எழுத்து வெளியே வழிந்தது. சின்ன வார்த்தையாகப் போடுங்கள் என்றார்கள். அண்ணி ‘இல்லை’ என்று போட்டார். மூன்றெழுத்து, கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. “எனக்கென்னமோ அந்த வார்த்தை பயமா இருக்கு” என்றார். அவருக்கு எதுதான் பயமில்லை என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவரும் போய்ச் சண்டை போடவில்லை, சண்டை போடுகிற ஜாதகம் அவருடையது அல்ல. இன்றைக்கு அந்தப் பெட்டி அகலமாக இருக்கிறது, உள்ளே ‘தெரியவில்லை’ என்றுதான் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு மதியம் வந்தது.

என் அண்ணன் தண்ணீர் பம்பு மெக்கானிக். அன்று ஏதோ ஒரு மொட்டை மாடியில் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். அந்தக் கட்டிடத்து வாட்ச்மேன்தான் வண்டி பிடித்து, பக்கத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அது அண்ணியின் ஆஸ்பத்திரி. அண்ணி அப்போது அதே கட்டிடத்தின் அடித்தளத்தில், காலையில் ஏற்றிய நிரலின் புதுப் பதிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி வந்ததும் நான் ஜாக்கெட் துணியில் ஊசி குத்தியது குத்தியபடி மெஷினை விட்டுவிட்டு ஓடினேன்.

போனபோது காத்திருப்புக் கூடத்தில் அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் அண்ணனின் சட்டையும் கைக்கடிகாரமும். சட்டையில் கிரீஸ் வாசனை.

“ரத்தக்குழாய்ல அடைப்பாம். உள்ள கொண்டு போயிருக்காங்க. எப்படி இருக்காருன்னு கவுன்டர்லதான் சொல்லுவாங்களாம்” என்றார்.

“உங்க ஆஸ்பத்திரிதானே அண்ணி, உள்ள போய்ப் பாக்க முடியாதா?”

“என் அட்டை சர்வர் ரூம் கதவைத்தான் திறக்கும். அந்தக் கதவைத் திறக்காது.” அவர் அந்தக் கழுத்து அட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “வார்டுக்கு ஃபோன் போட்டுப் பாத்தேன். எங்கேஜ்டாவே இருக்கு.”

அப்பா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அதன் பிறகு எனக்கு அப்பா, அண்ணன் எல்லாம் அவன் ஒருவன்தான். அவன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, நினைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒருவர் கையில் இரண்டு ஹெல்மெட்டோடு நின்றார். மனைவியைக் காலையில் கூட்டிக்கொண்டு வந்தாராம். “லேசா மயக்கம்தாங்க. வண்டில பின்னாடி உக்காந்து தானேதான் வந்தா. ஏதோ டெஸ்ட் எடுக்கணும்னு படுக்க வெச்சிருக்காங்க, சாயங்காலம் அனுப்பிடுவாங்க” என்றார். இரண்டாவது ஹெல்மெட் சிவப்பு, சின்னது. “இத வேற தூக்கிட்டுத் திரியறேன், அவகிட்ட குடுத்தா அங்கயே விட்டுட்டு வந்துடுவா” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷர் நல்ல மனுஷர், அந்த நேரத்துக்கு அவர் பேச்சு ஒரு பிடிமானமாக இருந்தது.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த விசாரணைப் பெண் நோயாளி எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அவள் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“நிலைங்கற இடத்துல... இல்லைன்னு வருதுங்க.”

ஒரு மனுஷனைப் பற்றிக் கேட்கும்போது ‘இல்லை’ என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ் பேசுகிற யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ‘அப்பா இப்ப இல்லை’ என்றால் கேட்டவர் ‘அடடா, எப்போ?’ என்பார். நான் கூட்டத்தையே மறந்து “அண்ணா” என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அண்ணி கத்தவில்லை. கவுன்டர் பலகையைப் பிடித்திருந்த கை நழுவ, அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்த வார்த்தையை அந்தப் பெட்டிக்குள் வைத்தவரே அவர்தான். அதன் அர்த்தம் அந்தக் கட்டிடத்தில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அப்படியும் அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. கணவன் உள்ளே இருக்கிற எந்தப் பெண்ணும் எப்படிப் படிப்பாளோ அப்படித்தான் படித்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார். மூச்சு உள்ளே போகிறதா என்று நான் அவர் முதுகைத் தேய்த்தேன்.

அதற்குள் ஹெல்மெட்காரர் தயங்கித் தயங்கித் தன் சீட்டை நீட்டினார். வட்டம் சுற்றியது. “இதுக்கும்... இல்லைன்னுதான் வருது” என்றாள் அந்தப் பெண். அவர் முகம் வெளிறிப்போனது. “யம்மா, நல்லாப் பாரும்மா, மயக்கம்தான்னு சொன்னாங்களே” என்றார். அவள் பயந்துபோய், “நான் என்னங்க பண்ணட்டும், நீங்களே பாத்துக்குங்க” என்று திரையை அப்படியே கூடத்தின் பக்கம் திருப்பி வைத்தாள். அடுத்து ஒரு அம்மாள், முந்தின நாள் பிறந்த பேரனைக் கேட்டவர். அவருக்கும் இல்லை. அந்த அம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டு போட்ட ஓலத்தில் கூடமே எழுந்து நின்றது.

அண்ணி தலையைத் தூக்கினார்.

“எல்லாருக்குமா வருது?” என்று கேட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் உயிர் வருவதை நான் பார்த்தேன்.

“கேளுங்க... எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. நாலு பேர் நடுவில் வாயே திறக்காதவர். நான்தான் என் நீள வாயைத் திறந்து, “சத்தம் போடாதீங்க, இவங்க சொல்றதைக் கேளுங்க!” என்று கத்தினேன்.

“அந்த வார்த்தையை எழுதினது நான்தான்” என்றார் அண்ணி. குரல் கிழிந்தது. “நான் இங்க சர்வர் பாத்துக்கறவ. இல்லைன்னா, இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க. சர்வர் பதில் சொல்லலைன்னு அர்த்தம். அதுக்குத் தெரியலைன்னு அர்த்தம். மெஷின்தான் மாட்டிக்கிச்சு. அழாதீங்க. உங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லை.”

கூடம் அடங்கியது. பேரனைக் கேட்ட அம்மாள் அண்ணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஹெல்மெட்காரர், “உசுரே போய்த் திரும்பி வந்துச்சும்மா, நல்லா இருப்பீங்க” என்று இரண்டு ஹெல்மெட்டையும் சேர்த்துக் கும்பிட்டார். எனக்கும் உயிர் திரும்பி வந்தது. அண்ணியைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார்.

“எங்க அண்ணி?”

“கீழ. நீயும் வா. தனியாப் போகப் பயமா இருக்கு.”

படி இறங்கும்போது அவர் பல் கிட்டித்திருந்தது. “அதான் ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுடுச்சே, இன்னும் என்ன?” என்றேன். அவர் பாதிப் படியில் நின்றார்.

“என்ன தெரிஞ்சுடுச்சு? அவருக்கு என்ன ஆச்சுன்னு சர்வருக்குத் தெரியலை. அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு. நல்லா இருந்தாலும் இப்ப அதே வார்த்தைதான் வரும். போயிட்டாலும் அதே வார்த்தைதான் வரும்.” மூச்சு வாங்கினார். “கடைசில ஒண்ணு சொன்னேன் பாரு, உங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு. அதை நான் பாத்துட்டா சொன்னேன்? அந்தப் பெட்டி பண்றதையேதான் நானும் பண்ணிட்டு வந்திருக்கேன்.”

சற்று முன்னால் வந்த உயிர் மறுபடி தொண்டைக்கு ஏறியது. தெரிந்த துக்கத்துக்காவது அழலாம். இதற்கு அழவும் முடியாமல் அவர் பின்னால் ஓடினேன்.

சர்வர் அறை ஐஸ் பெட்டிபோல இருந்தது. விசிறிகளின் இரைச்சலில் காது அடைத்தது. திரைக்கு முன்னால் அவருடைய மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் அவரைப் ‘பொறுமை சார்’ என்போம், எதற்கெடுத்தாலும் பொறுமை பொறுமை என்பாராம். அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை.

“குவியல் நிரம்பிடுச்சு. காலைல ஏத்தின பதிப்புல எங்கயோ சாமானை விடாமப் பிடிச்சு வெச்சுக்குது. குப்பை அள்ளுது, அள்ளுது, அள்ளிக்கிட்டே இருக்கு. இழையெல்லாம் அப்படியே நிக்குது” என்றார்.

“பக்கத்து சர்வர்?”

“அதுலயும் அதே பதிப்புதானே. ரெட்டைப் பிள்ளைக்கு ஒரே காய்ச்சல்.”

“நிறுத்திட்டுப் பழைய பதிப்பை ஏத்தி எழுப்பிடலாம் சார்.”

“பொறுமை. குவியலை அப்படியே ஒரு நகல் எடுத்துக்கணும். இல்லேன்னா எதனால ஆச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது, நாளைக்கும் இதேதான் நடக்கும்.” அவர் சொன்னதும் நியாயம்தான் என்று பிறகு அண்ணியே சொன்னார். ஆனால் நகல் எடுத்து முடிக்க வெகுநேரம் ஆகுமாம்.

“வேண்டாம் சார்” என்றார் அண்ணி. அவர் மேலதிகாரியிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேள்விப்பட்டதே கிடையாது. “மேல கவுன்டர்ல உயிரோட இருக்கறவங்களுக்கெல்லாம் இல்லைன்னு வருது. குழந்தைக்கு இல்லைன்னு வருது. ஒரு கூடமே அழுதுடுச்சு. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் வருது.”

பொறுமை சார் அவரைப் பார்த்தார். அண்ணி மேஜை மேல் வைத்திருந்த பிளாஸ்டிக் பையையும் பார்த்தார். பிறகு, “நிறுத்தினா எழுந்திருக்கற வரைக்கும் எல்லாத் திரையும் போயிடும். வார்டுகளுக்கு முதல்ல சொல்லிடுங்க” என்று அவசர ஃபோனை நகர்த்தி வைத்தார்.

அந்த ஃபோன் எந்த வார்டிலும் உடனே எடுப்பார்கள். அண்ணி ஒவ்வொரு வார்டாகக் கூப்பிட்டார். “சர்வரை நிறுத்தி எழுப்பப் போறோம். அதுவரைக்கும் பேப்பர்ல எழுதிக்குங்க. மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி டாக்டரை வாயால ஒரு தடவை கேட்டுக்குங்க.” கடைசியாக இதயப் பிரிவு. அதே வார்த்தைகள். அந்தப் பக்கம் நர்ஸ் சரி என்று சொன்னது எனக்கே கேட்டது. ஃபோன் இன்னும் வைக்கப்படவில்லை. அண்ணியின் வாய் திறந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிற ஒருத்தி, அவனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தி, ஒரே ஒரு கேள்வி தூரத்தில் இருந்தாள். அண்ணி வாயை மூடினார். ஃபோனை வைத்தார்.

“ஏன் கேக்கலை?” எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்களுக்குக் கல்லா மனசு? ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“கேட்டா பதில் வந்துடும்” என்றார் அண்ணி.

அவர் விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்தார். நிறுத்துவதற்கான வரியை அடித்தார். அதை அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டு அப்படியே இருந்தார். அண்ணன் படுத்திருக்கிற அறையின் திரையும் இந்த ஒரு பொத்தானில் இருட்டாகும். நகம் பொத்தான் மேல் தட்டித் தட்டிச் சத்தம் வந்தது. நான் என் கையை அவர் கை மேல் வைத்தேன். அழுத்தியது அவரா நானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரை கறுத்தது. மேலே பல மாடிகளில் எல்லாத் திரையும் கறுத்திருக்கும். விசிறி மட்டும் இரைந்தது. ஒன்றும் வரவில்லை. எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பிறகு ஒரு வரி வந்தது. இன்னொரு வரி. பழைய பதிப்பு ஏறுகிறது, இழைகள் எழுகின்றன, தரவுடன் இணைப்பு கிடைத்தது என்று வெள்ளை எழுத்துகள் மேலே மேலே நகர்ந்தன. அந்த வார்த்தைகளில் பாதி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பிறந்தவை. ‘தயார்’ என்று வந்ததும் பொறுமை சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அண்ணி அண்ணனின் எண்ணை அடித்தார். வட்டம் சுற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீ படி” என்றார்.

இதயப் பிரிவு. நிலை: சிகிச்சை முடிந்து கண்காணிப்பில்.

நான் உரக்கப் படித்தேன். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகுதான் கண்ணைத் திறந்து தானே படித்தார். அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கிரீஸ் வாசனைச் சட்டைக்குள்ளேயே அழுது தீர்த்தார். நானும் அழுதேன். அவ்வளவு நிம்மதியாக நான் என் வாழ்நாளில் அழுததில்லை.

முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தபோது கூடம் வேறு கூடமாக இருந்தது. பேரனைக் கேட்ட அம்மாள் யாருக்கோ ஃபோனில், “எடை போட்டிருக்காங்களாம், நல்லாப் பால் குடிக்கிறானாம்” என்று கத்திக்கொண்டிருந்தார். ஒருவர் அண்ணியைக் காட்டி, “இவங்கதான், இவங்கதான்” என்றார். யாரோ எங்களுக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார்கள். அண்ணியின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது.

ஹெல்மெட்காரர் கவுன்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திரையை யாரும் திரும்ப உள்பக்கம் திருப்பவில்லை. அது இன்னும் கூடத்தைப் பார்த்தபடியே இருந்தது. விசாரணைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, யாரையோ அழைப்பதற்காகப் பின்பக்கம் எழுந்து போனாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. எங்களைத் தேடிப் பார்த்து, நேராக அண்ணியிடம் வந்தார். அழவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்க வருகிறவரைப் போல வந்தார்.

“ஏம்மா, அந்த இல்லைங்கற வார்த்தையை எழுதினது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“இப்ப அங்க வேற வார்த்தை வந்திருக்கு. அதையும் நீங்கதான் எழுதினீங்களா?”

அண்ணி எட்டித் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. நிலை என்ற பெட்டியில் ‘காலமானார்’ என்று இருந்தது.

“முன்ன சொன்னீங்களேம்மா, அதுக்கு அது அர்த்தம் இல்லை, வேற அர்த்தம்னு” என்றார் அவர். சிவப்பு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “அது மாதிரி இதுக்கும் வேற அர்த்தம் ஏதாவது இருக்குங்களா?”

அண்ணி இன்னொரு தடவை திரையைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி அதோடு ஒத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

“இல்லைங்க.”